ஸ்பிரிங்ளர் வடிகால்: பைப் எத்தனை அங்குலம், தண்ணீர் எங்கே போகும்?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏ9 வீதியோரம் எழும்பும் கட்டடங்கள் இப்போது ஒரு மாடியோடு நிற்பதில்லை. புடவைக்கடை, தனியார் வைத்தியசாலை, ஆடைத் தொழிற்சாலை என்று மேலே மேலே போகின்றன. சிலவற்றில் சீலிங்குக்குக் கீழே சிவப்புப் பெயின்ற் அடித்த, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பைப்பும் ஓடுகிறது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தைக் கடைகள் எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வண்டி வந்து சேருமுன் கட்டடமே தன் தீயை அடக்கவேண்டும் என்று எங்கள் ஆட்கள் யோசிக்கத் தொடங்கியிருப்பது நல்ல விஷயம்.

ஆனால் கதை வடிகாலுக்கு வந்ததும் குழம்பிவிடுகிறது. “நாலு இஞ்சி கழிவுப் பைப்பில கொழுவிவிட்டால் காணும்” என்பார் ஒருவர். “நெருப்பெண்டால் எல்லா ஹெட்டும் திறக்கும், அந்தத் தண்ணி முழுக்க இதாலதான் போகவேணும், ஆறு இஞ்சி போடுங்கோ” என்பார் இன்னொருவர். “பைப்புக்குள்ள இருக்கிற தண்ணிதானே, முக்கால் இஞ்சி போதும்” என்று மூன்றாமவர். மூவரும் மூன்று வேறு வேலைகளை ஒன்றாக நினைத்துக் கதைக்கிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால், பைப்பின் அளவு அவ்வளவு சிக்கலான விஷயமல்ல.

## ஸ்பிரிங்ளர் எப்படி வேலை செய்கிறது

சாதாரணக் கடையிலோ அலுவலகத்திலோ போடுவது ஈரவகை ஸ்பிரிங்ளர். பைப்புக்குள் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். பைப்பில் இடைவெளி விட்டுப் பூட்டியிருக்கும் சிறு தலைகளை வேலைத்தளத்தில் ஹெட் என்பார்கள். ஒவ்வொரு ஹெட்டின் வாயையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே சிவப்புத் திரவம் உள்ள குமிழ் 68 பாகை செல்சியஸில் வெடிக்கும். வெடித்தால் அந்த ஒரு ஹெட் மட்டுமே திறக்கும். புகை பட்டால் திறக்காது. பக்கத்து ஹெட்டுக்கு அதேயளவு சூடு போகாவிட்டால் அதுவும் திறக்காது. முழுக் கட்டடமும் ஒரேயடியாகக் கொட்டும் என்பது திரைப்படத்தில் பார்த்தது.

நிலத்துத் தொட்டியிலிருந்து பம்பி தள்ளும் தண்ணீர் ஒரு நிமிர்ந்த தடித்த பைப் வழியாக மேலே ஏறுகிறது. அதற்குப் பெயர் ரைசர். அதன் அடியில் பெரிய வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், அபாயமணிக்கான சுவிச் எல்லாம் இருக்கும். அதே இடத்தில் பக்கவாட்டில் பிரியும் ஒரு சிறிய வால்வும் பைப்பும்தான் பிரதான வடிகால்.

## மூன்று வேறு வேலைகள்

பிரதான வடிகாலின் வேலை, ரைசரிலும் கிளைகளிலும் உள்ள தண்ணீரை வெளியே விடுவதும், தண்ணீர் வரத்தைச் சோதிப்பதும். இது முதலாவது. அந்தத் தண்ணீர் வந்து விழுந்த பிறகு அதை ஏற்றுக்கொண்டு போகவேண்டிய தொட்டி, வாய்க்கால், நிலத்தடிப் பைப் என்பவை இரண்டாவது. தீப்பிடித்து ஹெட் திறந்தபின் அறைத் தரையில் தேங்கும் தண்ணீர் மூன்றாவது.

மூன்றுக்கும் கணக்கு வேறு. முதலாவதுக்கு அட்டவணை இருக்கிறது. இரண்டாவதைத்தான் பலர் கணக்கிடாமலே விட்டுவிடுகிறார்கள், அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் பைப்பைவிடக் கட்டட அமைப்பே பதில் சொல்லும்.

## துருசும் வாய்க்காலும்

குளத்துத் தண்ணீரில் வயல் செய்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது மதகைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வருவது, பின்னால் நிற்கும் தண்ணீரின் உயரம் தள்ளுவதால். துருசைத் தாண்டி வாய்க்காலுக்குள் வந்ததும் அந்தத் தள்ளுதல் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வயல்வரை அதைக் கொண்டுபோவது நிலத்தின் சரிவு மட்டுமே. அதனால்தான் துருசின் வாய் சிறிதாகவும் வாய்க்கால் அகலமாகவும் இருக்கின்றன. துருசு விடும் தண்ணீரை வாய்க்கால் தாங்காவிட்டால் வரம்பு உடையும். அது துருசின் பிழையல்ல.

ஸ்பிரிங்ளரிலும் இதே இயல்புதான். பிரதான வடிகால் துருசு போன்றது, அதற்கப்பால் உள்ள கழிவுப் பைப் வாய்க்கால் போன்றது. ஆனால் இங்கே தள்ளும் விசை இன்னும் பெரியது. 33 அடி ஆழத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பார் என்பது அழுத்தத்தின் அலகு. 10 மீற்றர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார். ஸ்பிரிங்ளர் ரைசரின் கேஜ் 6 பார் காட்டினால், 60 மீற்றர் உயரத் தண்ணீர் பின்னால் நின்று தள்ளுவதற்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொண்டு “இரண்டு இஞ்சிப் பைப்தானே” என்று சொல்லிப் பாருங்கள்.

சுருக்கமாக, அழுத்தத்தில் ஓடும் சிறிய பைப், சரிவில் ஓடும் பெரிய பைப்பை இலகுவாக நிரப்பிவிடும்.

## பிரதான வடிகால்: அட்டவணை சொல்லும் அளவு

ஸ்பிரிங்ளர் பைப் அளவில் ஆளுக்கொரு விதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1895 அளவில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சுற்றி நூறு மைலுக்குள் ஒன்பது வெவ்வேறு முறைகள் நடைமுறையில் இருந்தன. அந்தக் குழப்பத்திலிருந்துதான் அடுத்த வருடம், 1896 இல், அங்குள்ள தேசிய தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. பிறந்தது. அதன் 13ஆம் இலக்க நியமம் இன்று இலங்கைப் பொறியியலாளர்களும் எடுத்துப் பார்க்கும் ஒன்று. ஐரோப்பிய நியமமான ஈ.என். 12845ஐப் பின்பற்றுவோரும் உள்ளனர்.

என்.எஃப்.பி.ஏ. 13 பிரதான வடிகாலை ரைசரின் அளவோடு கட்டிவைக்கிறது. ரைசர் 2 அங்குலம் வரை என்றால் வடிகால் குறைந்தது முக்கால் அங்குலம். ரைசர் இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் என்றால் குறைந்தது ஒன்றேகால் அங்குலம். ரைசர் 4 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் வடிகால் 2 அங்குலம். ரைசர் 6 ஆனாலும் 8 ஆனாலும் அதே 2 தான்.

மாடிக்கு மாடி தனி வால்வு வைத்து, ஒவ்வொன்றின் வடிகாலையும் ஒரே நிமிர்ந்த பைப்பில் சேர்த்துக் கீழே இறக்கினால், அந்தப் பொதுப் பைப் அதில் சேரும் வடிகால்களைவிட ஓரளவு பெரிதாக, அதாவது அடுத்த சந்தை அளவில், இருக்கவேண்டும். 2 அங்குல வடிகால்கள் சேர்ந்தால் இறங்கும் பைப் இரண்டரை.

## ஏன் இவ்வளவு பெரிது?

“உள்ளே இருக்கிற தண்ணி கொஞ்சம்தானே” என்றவரின் கேள்வி நியாயமானது. கணக்குப் பார்ப்போம். ஒரு மூன்று மாடிக் கடையில் 4 அங்குலப் பைப் 60 மீற்றரும் 1 அங்குலக் கிளைகள் 300 மீற்றரும் இருப்பதாக வைப்போம். 4 அங்குலப் பைப்பில் மீற்றருக்கு ஏறக்குறைய 8.2 லீற்றர் நிற்கும். 1 அங்குலத்தில் அரை லீற்றருக்குச் சற்று மேல். மொத்தம் 660 லீற்றர் அளவு. வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர்த் தாங்கியைக்கூட அது நிரப்பாது. இதை வடிக்க மட்டும் என்றால் முக்கால் அங்குலமும் போதும், சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வடிகாலின் முக்கியமான வேலை சோதனை. தீ வரும் நாளில் ரைசருக்குப் போதிய தண்ணீர் வருமா என்பதைத் தீ வருமுன் அறிய வேறு இலகுவான வழியில்லை. எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ரைசர் பக்கத்தில் நின்று கேஜைப் பார்க்கிறீர்கள். தண்ணீர் அசையாமல் நிற்கிறது, முள் 6 பாரில். பிரதான வடிகால் வால்வை மெதுவாக, ஆனால் முழுவதும் திறக்கிறீர்கள். முதலில் வருவது கறுத்த தண்ணீர். மாதக்கணக்கில் இரும்புப் பைப்புக்குள் நின்ற தண்ணீர் என்பதால் துருவும் மணமும் இருக்கும். பிறகு தெளியும். முள் கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கும், 4.8 என்று வைப்போம். அதை எழுதிக்கொண்டு, வால்வை மெதுவாக மூடுகிறீர்கள். சடாரென்று மூடினால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பைப்பைப் போய் இடிக்கும், மூட்டுகள் கழரும். முள் திரும்ப 6க்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் கவனிப்பது நல்லது.

அந்த 4.8 தனியே எதையும் சொல்லாது. கட்டடத்தைப் பொறுப்பேற்ற நாளில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் கதை தெரியும். பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 25 இதை வருடத்துக்கு ஒருமுறையாவது செய்யச் சொல்கிறது. ஓடும்போதுள்ள அழுத்தம் முந்தைய அளவிலிருந்து 10 வீதம் குறைந்தால் காரணத்தைத் தேடித் திருத்தவேண்டும். 4.8 இருந்த இடத்தில் 4.3 என்றால் தேடவேண்டியதுதான். யாரோ ஒரு வால்வைப் பாதி மூடிவிட்டு மறந்திருக்கலாம். வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கலாம். பம்பி தேய்ந்திருக்கலாம்.

பாதி மூடிய வால்வை அசையாத தண்ணீர் காட்டிக்கொடுக்காது. வால்வு நூலளவு திறந்திருந்தாலும் கேஜ் 6 காட்டும். நிறையத் தண்ணீர் ஓடினால்தான் முள் விழும். வடிகால் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறிய வடிகாலால் போகும் தண்ணீர் அந்தக் குறையை வெளியே கொண்டுவராது.

இதுவரை பார்த்தது: வடிகாலின் அளவு ரைசரைப் பொறுத்தது. பைப்பின் கொள்ளளவோ, தீ நேரத்தில் கொட்டும் அளவோ அதைத் தீர்மானிப்பதில்லை. அது பெரிதாக இருப்பது சோதனைக்காக.

## தண்ணீர் விழும் இடம்

இனி, கணக்கிடாமல் விடப்படும் இரண்டாவது வேலைக்கு வருவோம்.

2 அங்குலப் பைப்பில் தண்ணீர் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போகிறது என்று குறைத்தே வைப்போம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 650 லீற்றர். வேகம் 8 மீற்றர் என்றால் 1,000 லீற்றரைத் தாண்டும். அழுத்தம் கூடிய இடத்தில் இதைவிடவும் போகும். ஆகவே திட்டமிடும்போது நிமிடத்துக்கு 1,000 லீற்றர் என்று எடுப்பது அளவுக்கு மீறியதல்ல.

இதை வாங்கப்போகும் 4 அங்குலப் பி.வி.சி. பைப்பைப் பாருங்கள். 100 அடிக்கு 1 அடி சரிவில், முழுதும் நிரம்பி ஓடினாலும், அது கொண்டுபோகக்கூடியது நிமிடத்துக்கு 380 முதல் 400 லீற்றர் அளவு. மிச்சம் 600 லீற்றரும் நின்று யோசிக்காது. வந்த வழியே மேலெழும்பி, பம்பி அறைத் தரையில் பரவி, மின்பலகையின் காலடிக்குப் போகும். 6 அங்குலப் பைப் அதே சரிவில் 1,100 லீற்றர் அளவு கொண்டுபோகும், மட்டுமட்டாகச் சமாளிக்கும். சரிவை நாலு மடங்காக்கினால் 4 அங்குலத்தின் ஓட்டம் இரண்டு மடங்காகும், ஆனால் எங்கள் தட்டை நிலத்தில் 25க்கு 1 சரிவைத் தொடர்ந்து எங்கே எடுப்பது?

இதில் நான் கண்ட மிக மோசமான “தீர்வு”, சோதனை நேரத்தில் வால்வைக் காற்பங்கு மட்டும் திறந்து, தண்ணீர் மேலெழும்பாதபடி பார்த்துக்கொள்வது. அறை நனையாது, உண்மைதான். ஆனால் முழு ஓட்டம் இல்லாத சோதனையில் வரும் எண்ணுக்குப் பெறுமதி இல்லை. வருடா வருடம் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட்டாலும், பாதி மூடிய வால்வு அப்படியே கிடக்கும்.

வன்னியில் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். இங்கே நகர்ப்புறங்களிலும் வீட்டுக் கழிவுநீர் போவது அவரவர் வளவிலுள்ள மலக்குழிக்கும் உறிஞ்சுகுழிக்கும்தான். பிரதான வடிகாலை அதில் கொழுவினால் ஒரு நிமிடச் சோதனையிலேயே குழி கலங்கி, அடியில் படிந்ததெல்லாம் உறிஞ்சுகுழிக்குள் அள்ளுண்டு போய் அதை அடைத்துவிடும். ஆகவே மலக்குழிப் பக்கமே போகவேண்டாம்.

எனக்குச் சரியென்று படுவது திறந்த வாய்க்கால். ஒரு அடி அகலத்தில், அரையடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடக்கூடிய சீமெந்துக் கான், 200க்கு 1 என்ற சிறிய சரிவில்கூட நிமிடத்துக்கு 2,000 லீற்றருக்கு மேல் கொண்டுபோகும். நிலத்தடியில் 6 அங்குலப் பைப் புதைப்பதைவிடச் செலவு குறைவு, அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மேசன் ஒருவரே கட்டிவிடுவார். வடிகால் பைப்பைச் சுவருக்கு வெளியே எடுத்து, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, விழும் இடத்தில் ஒரு கொங்கிறீற் பலகை வைத்துவிட்டால் மண் அரிக்காது.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பைப்பின் வாய் கானின் தண்ணீருக்குள் அமிழக்கூடாது. இரண்டுக்கும் இடையில் வெறும் இடைவெளி, குறைந்தது பைப்பின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, 2 அங்குலத்துக்கு 4 அங்குலம், இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏதோவொரு நேரம் பைப்புக்குள் உறிஞ்சல் ஏற்பட்டு அழுக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். அடுத்தது, கானின் முடிவு. அயலவரின் வளவுக்குள்ளோ கிணற்றடிக்கோ அது போய் முடியக்கூடாது. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த தண்ணீர் குடிகிணற்றுக்கு ஆகாது. மூன்றாவது, மாரி. கார்த்திகை மார்கழியில் வீதியோர வெள்ளவாய்க்கால்களே நிரம்பி ஓடும். அந்த நாளில் சோதனையை வைக்காமல், மழை குறைந்த மாதத்தில் வையுங்கள்.

கோடையில் இரண்டாயிரம் லீற்றரை நிலத்தில் விட மனம் வராது. அது நியாயமான கவலை. கானின் முடிவில் ஒரு திறந்த தொட்டி கட்டினால் மரங்களுக்கு விடலாம். முள் ஓரிடத்தில் நிற்கும்வரை திறந்திருந்தால் போதும். ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும்.

## பள்ளத்தில் தேங்கும் தண்ணீர்

பீமுக்குக் கீழால் வளைந்து மீண்டும் ஏறும் பைப்பில் தேங்கும் தண்ணீர் ரைசர் வடிகாலால் வெளியேறாது. அதற்குத் துணை வடிகால் வேண்டும். ஈரவகையில் தேங்குவது 19 லீற்றருக்குக் குறைவென்றால் அரை அங்குல மூடி போதும். 19 முதல் 190 லீற்றர் வரை முக்கால் அங்குல வால்வு. அதற்கு மேல் குறைந்தது 1 அங்குல வால்வு, கை எட்டும் இடம்வரை பைப் இழுத்து. இதில் வேறு பெரிய கணக்கில்லை.

## தீ நேரத்தில் தரையில் விழும் தண்ணீர்

கடைசியாக, “எல்லா ஹெட்டும் திறந்தால்” என்றவரின் பயம். சாதாரண ஹெட் ஒன்று 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லீற்றர் விடும். சிறிய தீயில் ஓரிரு ஹெட்தான் திறக்கும். வடிவமைப்பாளர் மோசமான நிலைமைக்குத் தயாராகவேண்டும் என்பதால், ஈ.என். 12845 சாதாரண ஆபத்துக் கட்டடங்களின் முதலாம் வகைக்கு 72 சதுர மீற்றர் பரப்பில் நிமிடத்துக்கு 5 மில்லிமீற்றர் மழை பெய்வதுபோல் தண்ணீர் கேட்கிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 360 லீற்றர். மூன்றாம் வகைக்கு 216 சதுர மீற்றர், 1,080 லீற்றர். ஒரு மணி நேரத்துக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கவேண்டும்.

இந்தத் தண்ணீர் பிரதான வடிகாலால் போகாது. ஹெட்டால் தரையில் விழுந்தது பைப்புக்குள் திரும்ப வராதல்லவா? அது படிக்கட்டாலும் வாசலாலும் இறங்கும். அதனால் தரையைக் கட்டும்போதே யோசியுங்கள்: தரை எந்தப் பக்கம் சரிகிறது, மாடிப்படி வழியே இறங்கும் தண்ணீர் கீழே மின்னறையை நோக்கிப் போகுமா, லிப்ட் குழிக்குள் விழுமா? பம்பி அறையின் தரை பம்பியிலிருந்தும் மின்பலகையிலிருந்தும் விலகிச் சரியவேண்டும். தீயை அணைக்கும் பம்பியே தண்ணீரில் மூழ்கினால் என்ன பயன்? நெல் மூட்டையோ துணிக்கட்டோ அடுக்கும் களஞ்சியத்தில் எல்லாவற்றையும் நாலு அங்குல மரப்பலகைத் தட்டில் ஏற்றிவைத்தால், அடிமூட்டை நனைந்து இடிந்து விழாது.

## ஒப்பந்தகாரரிடம் கேட்கவேண்டியவை

திட்டத்தை அனுமதிக்கும் உள்ளூராட்சி சபையும் உங்கள் பொறியியலாளரும் கேட்பதைச் செய்துதான் ஆகவேண்டும். அதற்கு மேல், அத்திவாரம் வெட்டமுன் ஒப்பந்தகாரரிடம் ரைசர் எத்தனை அங்குலம், வடிகால் எத்தனை அங்குலம் என்று கேட்டு, வரைபடத்தில் அந்த வடிகாலின் கடைசி முனையை விரலால் காட்டச் சொல்லுங்கள். கோடு சுவரோடு நின்றுவிட்டால் அங்கே யாரும் கணக்கிடவில்லை.

வேலை முடிந்து சாவியை வாங்கும் நாளில், வால்வை முழுதாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பம்பி அறைத் தரை காய்ந்திருக்கிறதா, கான் வழியாமல் ஓடுகிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். நிற்கும்போதும் ஓடும்போதும் முள் காட்டிய இரண்டு எண்களையும் திகதியோடு ஒரு தகட்டில் எழுதி ரைசரிலேயே கட்டிவிடுங்கள். அடுத்த வருடம் சோதிக்க வருபவருக்கு ஒப்பிட அந்த இரண்டு எண்களும் வேண்டும்.

தண்ணீரை வடித்துப் பைப்பைத் திருத்தும் நாளில், கீழே வடிகாலைத் திறப்பதோடு மேல் மாடிக் கடைசியிலுள்ள சோதனை வால்வையும் திறந்துவிடுங்கள். மேலிருந்து காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும், வடிந்துவிட்டது என்று நினைத்து மூட்டைக் கழற்றுபவரின் தலையில் வந்து கொட்டும்.